கல்மரம் கண்ட பிரெஞ்சுக்காரர்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் கூறுவார்கள். வடமொழியில் திந்திரிணி என்றால் புளியமரம். அந்தக் காடு இன்று பெயரில் மட்டுமே இருக்கிறது. ஆனால், திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிப் பக்கம் போனால், திருவக்கரை என்னும் சிற்றூருக்குக் கிழக்கே இன்னொரு காடு கிடக்கிறது. அதன் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. அங்கே கிடக்கும் மரங்கள் அத்தனையும் கல்!

பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் கோவிலுக்குத் திரளும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வேலிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள் என்பது சந்தேகந்தான். திருமாலிடம் மடிந்த வக்கிராசுரனின் எலும்புகளே இப்படிக் கல்லாய்க் கிடக்கின்றன என்பது ஊர் வழக்கு. இவை மரங்கள் என்று முதன்முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1781 என்று குறிப்பிடுவார்கள். அவர் பெயர் பியேர் சொன்னெரா. தமிழ்க் காதுக்கு அது ‘சொன்னாரா’ என்றே கேட்கும். வேடிக்கை என்னவென்றால், இவர் சொன்னது மெய்தானா என்ற கேள்வி ஆயுள் முடிந்த பிறகும் அவரை விடவில்லை.

மிளகின் உறவினர்

சொன்னெரா 1748-இல் லியோன் நகரில் பிறந்தார். அவருடைய உறவினர் ஒருவர் மொரீஷியஸ் தீவில் பெரிய அதிகாரி. புவாவ்ர் என்பது அவர் பெயர். பிரெஞ்சு மொழியில் அதற்கு மிளகு என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ப, டச்சுக்காரர் பொத்திப் பொத்திக் காத்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து தம் தீவில் பயிராக்கினார். காடு அழிந்தால் மழை குறையும் என்று நம்பியவர் அவர். நிலம் வைத்திருப்போர் நாலில் ஒரு பங்கைக் காடாகவே விடவேண்டும் என்று 1769-இல் அங்கே சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு சட்டம்!

அந்தத் தீவுக்கு இருபது வயதில் போய்ச் சேர்ந்தார் சொன்னெரா. உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பலில் அங்கே வந்து தங்கிவிட்ட கொம்மர்சோன் என்ற தாவர நூலாரிடம் படம் வரையவும் செடிகளை இனம் பிரிக்கவும் பழகினார். பிறகு பிலிப்பைன்ஸ், மொலுக்காத் தீவுகள் என்று கன்று தேடிப் புறப்பட்டார்.

கினியில் பென்குயினா?

1776-இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. நியூகினி யாத்திரை என்று அதற்குப் பெயர். உண்மையில் அவர் நியூகினியில் காலே வைக்கவில்லை. அதற்கு மேற்கே உள்ள தீவுகளோடு திரும்பியவர் என்பது பிற்காலத்து ஆராய்ச்சியாளர் முடிவு. அது போகட்டும் என்றால், அந்த வெப்ப நாட்டில் பென்குயின் பறவைகள் வாழ்வதாகப் படமும் போட்டுவிட்டார்! பனிக்கடல் பறவைக்கு அங்கே என்ன வேலை? தென்கடல்களைக் கண்டு வந்த குருநாதர் சேகரித்தவை அவை என்று கருதுவோர் உண்டு. அவரை நம்பி, பாப்புவா என்ற அடைமொழியை ஒரு பென்குயின் இனத்துக்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர் இன்றுவரை மாறவில்லை.

இப்படிப்பட்டவர் பிறர் செய்த பொய்யைக் கண்டுபிடித்ததுதான் ஆச்சரியம். எசூர் வேதம் என்று ஒரு சுவடி ஐரோப்பாவில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. வால்டேர் போன்ற மேதையே அதைப் பழமையான இந்திய வேதம் என்று கொண்டாடினார். அது வேதமே அல்ல, பாதிரியார் ஒருவர் மதவாதத்துக்காக எழுதிய நூல் என்று போட்டு உடைத்தவர் சொன்னெரா. கள்ளத்தின் வழி தெரிந்தவருக்குக் கள்ளம் எளிதில் தெரிந்ததோ என்னவோ!

அவருடைய கியாதிக்குக் காரணமான நூல் 1782-இல் இரண்டு பெரிய பாகங்களாக வந்தது. இந்தியா, சீனா பற்றி 1774 முதல் 1781 வரை திரட்டிய செய்திகள் அதில் அடக்கம். தமிழ்நாட்டுத் தெய்வங்கள், தொழிலாளர், பறவைகள் எல்லாம் படங்களாக இருக்கின்றன. லிச்சிப் பழத்துக்குச் சாஸ்திரப் பெயர் இட்டவரும் இவர்தான். நம் மலைக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அக்காலத்தில் இந்தப் பக்கம் நிம்மதியாக யாத்திரை செய்யும் பூமியாக இல்லை. 1778-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும் போர். பீரங்கி வண்டிகள் உருண்ட சீமையில் ஒருவர் கல்லைக் குனிந்து பார்த்து, இது மரம் என்று எழுதி வைத்திருக்கிறார்!

வெள்ளம் கொண்டுவந்த மரங்கள்

கிடக்கும் மரங்கள் ஏறக்குறைய 200. மூன்று மீட்டர் முதல் பதினைந்து மீட்டர் வரை நீளம். ஒன்றிலும் கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல. எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைந்தவை என்று ஊகிக்கிறார்கள். மண்ணிலிருந்த நீர் மணற்சத்தைக் கரைத்துக் கொண்டுவந்து, மரத்தின் அணு அணுவாய் உட்புகுந்து, மரம் இருந்த இடத்தைக் கல்லால் நிரப்பியது. கணுவும் வளையமும் அப்படியே பதிந்துவிட்டன. ஆமணக்குக் குடும்பம், உசிலையும் புளியும் அடங்கிய குடும்பம் எல்லாம் இவற்றில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். திண்டிவனத்துப் பெயர் வீண்போகவில்லை!

கைதியின் சுவடி

1786-இல் சொன்னெரா மீண்டும் இந்தியா வந்தார். ஏனாமில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்தார். 1793-இல் போர் மூண்டதும் ஆங்கிலேயரிடம் கைதியானார். இருபது ஆண்டு தாய்நாடு திரும்ப முடியவில்லை. புதுச்சேரியில் அடைபட்டுக் கிடந்தபடியே பழைய நூலைத் திருத்தி விரிவாக எழுதினார். 1813-இல் விடுதலை, அடுத்த ஆண்டே, நெப்போலியன் வீழ்ந்த 1814-இல், பாரிஸில் காலமானார். கைதியாய் எழுதிய சுவடி அச்சேறியது 2010-இல்தான்.

கல்மரங்களுக்கும் காவல் தாமதமாகவே வந்தது. சொன்னெரா எழுதி 159 ஆண்டு கழித்து, 1940-இல்தான் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அந்த இடத்தைப் பூங்காவாக்கியது. இடைக்காலத்தில் எத்தனை துண்டுகள் யார் யார் வீட்டு முற்றத்துக்குப் போயினவோ! பென்குயின் கதையைப் பொய்யென்று காட்ட நியூகினி இருக்கிறது. கல்மரக் கதையை மெய்யென்று காட்ட இந்தக் கற்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

மழை பெய்தால் மென்மையான மணற்பாறை அரித்து, புதைந்த மரங்கள் மேலும் தலைகாட்டும். அதனால் காவலாளிக்கு மழைக்காலத்திலும் வேலை உண்டு. கையளவு சில்லு ஒன்றைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. ஒன்பது துண்டுகளாகச் சிதறியுள்ள 247 ஏக்கர் பூங்காவில் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டிருப்பது ஒரு சிறு பகுதியை மட்டுமே.