தத்துவபோதக சுவாமிகள்

கவுஞ்சியிலுள்ள நமக்கு மதுரை அயலூரன்று. அந்நகருக்கு 1606-ஆம் ஆண்டில் வந்தவர், பெருங்குடியிற் பிறந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் இயேசு சபைக் குரவர். அவர்க்கு முன்னிருந்த குரு பல்லாண்டு உழைத்தும், பரவரன்றி நகரத்தார் அவரை அணுகிற்றிலர். கிறிஸ்துவைச் சேர்தல் பறங்கியராதலே என்று மக்கள் கருதியமையே அதற்குக் காரணமென நொபிலியார் உணர்ந்தார்.

ஆதலின் அவர் அங்கி களைந்து காவியுடுத்தார். புலால் நீத்து ஒருபொழுதுண்டார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். ஞானோபதேசம் முதலிய உரைநடை நூல்கள் இயற்றித் தத்துவபோதகர் எனப் பெயர் பெற்றார். நம் தமிழ் உரைநடை அவருக்குக் கடமைப்பட்டதென்பதே எம் துணிபு. குடுமி, பூணூல், சந்தனம் ஆகியவற்றை நாட்டு வழக்கென விடுத்த அவர், விக்கிரக வணக்கத்திற்கு அணுவளவும் இணங்கிற்றிலர். திருமறைக் கோட்பாட்டிலும் யாதொன்றும் குறைத்திலர்.

உடனூழியரே அவர்மேற் குற்றஞ் சாற்றினர். வழக்கு உரோமை வரை சென்றது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரிப் பாப்பரசர் அவ்வழக்கங்களுக்கு இசைவளித்தார்.

எனினும், குலவேற்றுமையையும் அவர் வழக்கென்றே விட்டார். அதனால் தாழ்த்தப்பட்டார்க்கெனப் பண்டாரசுவாமிகள் என்னும் வேறு குருமார் 1640-ஐ ஒட்டி ஏற்பட்டனர். அவரது திருமறையோ அவ்வேற்றுமையை அறியாதது. குலத்தின் பெயராற் கூடிய சங்கத்தாராகிய நாம் இதனை மறைத்தெழுத விரும்பிலேம்.

கண்ணொளி குன்றிய முதுமையில், 1656-இல், அவர் மயிலாப்பூரில் உயிர் நீத்தார்.