ஜேம்ஸ் வாட் அதிகம் பெருமைப்பட்டது எதை நினைத்து? கண்டென்சரை அல்ல!

பல்பு வாங்கும்போது எத்தனை வாட்ஸ்னு கேட்கிறோமே, அந்த 'வாட்' ஒருவரின் பெயர். நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் வாட் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால், அவர் பிறப்பதற்கு முன்பே, 1712-ல் தாமஸ் நியூகோமனின் இன்ஜின் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கத் தொடங்கிவிட்டது. அப்படியானால் வாட் செய்தது என்ன?

யார் இவர்?

1736-ல் ஸ்காட்லாந்தின் கிரீனக்கில் பிறந்தவர். லண்டனில் ஒரே ஒரு வருடம் கருவி செய்யும் தொழிலைப் பழகிவிட்டு, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டறை போட்டார். அங்கே ரிப்பேருக்கு வந்த நியூகோமன் இன்ஜின் மாதிரி ஒன்று நீராவியை வீணடிப்பதைக் கவனித்தார். 1765-ல் தனி கண்டென்சர் யோசனை பிறந்தது, 1769-ல் காப்புரிமை. 1775-ல் மேத்யூ போல்டனுடன் கூட்டு சேர்ந்தார்.

சிக்கல் எங்கே வந்தது?

பழைய இன்ஜினில் பிஸ்டன் மேலே இருக்கும் பெரிய உத்தரத்தைக் கீழே இழுத்தால் போதும். அதற்குச் சங்கிலியே போதுமானது. தொழிற்சாலைச் சக்கரத்தைச் சுற்ற, இரு பக்கமும் வேலை செய்யும் இன்ஜினை வாட் உருவாக்கினார். இதில் பிஸ்டன் தள்ளவும் வேண்டும். சங்கிலியால் தள்ள முடியாதே! கம்பியை நேராக உத்தரத்தில் மாட்டலாம்னா, பிஸ்டன் போவது நேர்கோட்டில், உத்தர முனை போவது வளைவில். கம்பி வளைந்துவிடும்.

மூன்று தண்டுகள்

1784-ல் தீர்வு கிடைத்தது. எதிரெதிரே இரண்டு நீளத் தண்டுகள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு குட்டைத் தண்டு. ஒரு முனை இந்தப் பக்கம் வளையும்போது மற்றது அந்தப் பக்கம் வளையும். அதனால் குட்டைத் தண்டின் நடுப்புள்ளி கிட்டத்தட்ட நேராக ஏறி இறங்கும். இதை விரிவாக்கியதுதான் 'பேரலல் மோஷன்'.

இன்றும் இருக்கிறதா?

சில கார்களில் பின் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது 'வாட்ஸ் லிங்கேஜ்'தான். ரேஸ் கார்களில் அதன் தண்டு முனைகளில் ராட் எண்ட் இருக்கும். அதாவது, வளையத்துக்குள் சுழலும் உருண்டை. இதைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் முக்கியம்:

- விசை தண்டின் நீளவாக்கில் வர வேண்டும். பக்கவாட்டில் வந்தால் மரை உள்ள பகுதி வளையும், உடையும்.
- உருண்டை சாயும் கோணம் போதுமானதாக இருக்க வேண்டும். போதாவிட்டால் வளையம் பிராக்கெட்டில் இடிக்கும்.
- ஒரு முனையில் வலது மரை, மறுமுனையில் இடது மரை இருந்தால், கழற்றாமலே தண்டைத் திருகி நீளம் மாற்றலாம். பிறகு லாக் நட்டை இறுக்க மறக்கக் கூடாது.

மூட்டில் ஆட்டம் இருந்தால், எவ்வளவு நல்ல வடிவமைப்பும் வீண்தான்.

1800-ல் ஓய்வு பெற்ற வாட், 1819-ல் பர்மிங்காம் அருகே ஹேண்ட்ஸ்வொர்த்தில் காலமானார். புகழ் தந்தது கண்டென்சர். ஆனால், தன் கண்டுபிடிப்புகளிலேயே அவர் அதிகம் பெருமைப்பட்டது இந்தத் தண்டு அமைப்பை நினைத்துத்தான்.