வெறுங்காலோடு வந்த மேய்ப்பர்: புனித யோசப் வாஸ் அடிகளார்



யூபிலி ஆண்டு வந்துவிட்டால் நாம் எல்லோரும் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கிறோம். அத்திவாரக்கல் இட்ட ஆண்டு, மணிக்கூண்டு எழுந்த ஆண்டு, இங்கே பணிபுரிந்த குருவானவர்களின் பெயர்கள் என்று ஒவ்வொன்றையும் நன்றியோடு எண்ணிப் பார்க்கிறோம். அது தகுந்ததே. ஆயினும் இம்மகிழ்ச்சியின் நடுவே ஒரு கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கோவில் நம் கையை விட்டுப் போய், திருப்பலி நின்று, குருவானவர் என்று சொல்ல ஒருவருமே இல்லாத நிலை வந்தால், நமது விசுவாசம் எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கும்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. இலங்கைத் திருநாட்டில் கத்தோலிக்க மக்களுக்கு இந்த நிலை உண்மையாகவே வந்தது. அந்த மக்களைத் தேடி வந்த ஒரு மேய்ப்பரின் வரலாற்றையே இம்மலரில் பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஆயன் இல்லா மந்தை

1656ஆம் ஆண்டில் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரின் கையிலிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. ஆட்சி மாறியதோடு கத்தோலிக்க மதமும் தடைசெய்யப்பட்டது. குருமார் வெளியேற்றப்பட்டனர். ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியனவாயின. கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அரசு பறைசாற்றியது.

பழைய பகையைக் கிளறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அந்தச் சபையின் வழிவந்த கிறிஸ்தவர்கள் இன்று நமக்குச் சகோதரர். மேலும், உண்மையைச் சொல்வதானால், போர்த்துக்கேயர் காலத்தில் நமது மதமும் அரசின் நிழலிலேயே வளர்ந்தது. கொடியின் நிழலுக்காக வந்தவர்கள் கொடி இறங்கியதும் விலகிப் போனார்கள். வேர் பிடித்தவர்கள் மட்டுமே நின்றார்கள். அப்படி நின்றவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத எளிய மக்கள். தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தனர். பெரியவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர். கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, மரண வேளையில் அவஸ்தைப்பூசுதல் இல்லை. இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. கோவில் மணியோசை கேட்டே அறியாத ஒரு தலைமுறை வளர்ந்து ஆளாகியது.

கோவையில் ஒரு குரு

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் பெனாவுலிம் என்னும் ஊரிலே பிறந்தார். கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கப் பிராமணக் குடும்பம். இயேசு சபையாரிடத்திலும் தொமினிக்கன் சபையாரிடத்திலும் கல்வி கற்று 1676இல் குருப்பட்டம் பெற்றார். குருவானபின் காலணி அணிவதை விட்டுவிட்டார். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கும் நாட்டில் தாமும் அவ்வாறே நடப்பது தகும் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டிலே தம்மைத் தேவதாயின் அடிமையாக எழுத்து மூலம் ஒப்புக்கொடுத்தார்.

இலங்கையில் கத்தோலிக்கர் படும் அவதியைக் கேள்வியுற்ற நாள்முதல் அங்கே போகவேண்டும் என்ற தாகம் அவரை விடவில்லை. ஆனால் மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே 1681 முதல் 1684 வரை கீழ்ப்படிதலோடு உழைத்தார். திரும்பி வந்தபின், பழைய கோவாவிலே சுதேசக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த இல்லத்தில் 1685இல் சேர்ந்தார். புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவிய அந்தக் குழுவே பின்னர் கோவா ஒரற்றோரியன் சபையாக மலர்ந்தது. அதற்குத் தலைவராகவும் அவர் தெரிவுசெய்யப்பட்டார். ஆனால் தலைமை ஆசனம் அவரைக் கட்டிப்போடவில்லை. 1686இல் பதவியைத் துறந்து இலங்கை நோக்கிப் புறப்பட்டார்.

கழுத்திலே செபமாலை

ஐரோப்பியக் குரு ஒருவர் வந்தால் ஒல்லாந்தர் உடனே கண்டுகொள்வார்கள். நிறத்தாலும் தோற்றத்தாலும் நம்மவரைப் போன்ற ஒருவர் கூலியாளின் உடையில் வந்தால் யார் கவனிப்பார்? தூத்துக்குடிக் கரையிலிருந்து 1687இல் அவ்வாறே படகேறினார் அடிகளார். உடன் வந்தவர் யோவான் என்னும் ஊழியர் ஒருவர். பசியும் தாகமும் நிறைந்த அக்கடற்பயணத்தின் முடிவில் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அடிகளார் கடும் வயிற்றோட்டத்தால் நடக்கவும் இயலாதிருந்தார். யோவானும் நோயில் விழுந்தார். இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியே அவர்களைப் பிழைக்க வைத்தது என்று வரலாறு எழுதியோர் கூறுவர். அந்தப் பெண்ணின் பெயரை நாம் அறியோம். ஆனால் இலங்கைத் திருச்சபை அந்தக் கஞ்சிக்குப் பட்ட கடன் சிறிதன்று.

நோய் தணிந்ததும் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கப் புறப்பட்டார். அவர் தேடியது அரிசியை அன்று. செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டார் கண் கலங்குகிறது, யார் முகம் மாறுகிறது என்று பார்த்தார். அவ்வாறு கத்தோலிக்கரை ஒவ்வொருவராகக் கண்டறிந்து, நம்பிக்கைக்குரியவர்களிடம் மட்டும் தாம் ஒரு குரு என்று வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகள் காத்திருந்த மக்களின் உள்ளம் அப்போது எப்படியிருந்திருக்கும்!

பின்னர் சில்லாலைக் கிராமத்து மக்கள் அவரைத் தம்மிடையே மறைத்துவைத்துக் காத்தார்கள். இரவில் திருப்பலி, இரவில் பாவசங்கீர்த்தனம், பொழுது விடியுமுன் அடுத்த ஊர். செய்தி ஒல்லாந்த அதிகாரிகளுக்கு எட்டாமல் இல்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்த கத்தோலிக்கர் சுற்றிவளைக்கப்பட்டு ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். ஒல்லாந்தரின் சபையை விட்டுக் கத்தோலிக்கரான தொன் பேதுரு என்பவர் அடியுண்டே உயிர்நீத்தார். அடிகளாரைக் காட்டிக்கொடுத்திருந்தால் பலர் தப்பியிருக்கலாம். ஆனால் அவர் பிடிபடவில்லை. இதைவிடப் பெரிய சாட்சியம் நமக்கு வேண்டுமா?

மன்னனின் சிறையும் கொள்ளைநோயும்

யாழ்ப்பாணத்தில் தங்குவது மக்களுக்கே ஆபத்தாக முடிந்தமையால் அடிகளார் புத்தளம் சென்று உழைத்தார். அங்கிருந்து 1692இல் மலைநாட்டு இராச்சியத்தின் தலைநகரான கண்டிக்கு வந்தார். அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று பிரான்ஸ் நாட்டவர் ஒருவர் மன்னனிடம் கோள்மூட்டவே, அடிகளார் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையையே அவர் பள்ளிக்கூடமாக்கிச் சிங்களம் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறு குடிசையொன்றைக் கோவிலாக்கினார். நாளடைவில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவர் ஒற்றரல்லர், கடவுளின் மனிதர் என்று கண்டுகொண்டான். கடும் வறட்சிக் காலத்தில் மன்னன் கேட்டுக்கொண்டபடி அடிகளார் பொதுவெளியில் சிலுவை நாட்டி மன்றாடினார் என்றும், மழை பொழிந்தது என்றும் மரபு கூறுகிறது. புத்த சமயத்தவனான அந்த மன்னன் தன் நாட்டிலே கத்தோலிக்கக் குருவுக்கு உரிமை வழங்கினான். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் புத்த மன்னன் அடைக்கலம் கொடுத்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

1697 அளவில் கண்டியில் பெரியம்மை பரவியது. மக்கள் நோயாளரைக் கைவிட்டு ஓடினார்கள். பெற்ற பிள்ளையையும் காட்டில் விட்டுச் சென்றோர் உண்டு. அடிகளாரோ கோவாவிலிருந்து உதவிக்கு வந்திருந்த உறவினரான யோசப் கர்வாலோ குருவோடு சேர்ந்து, கைவிடப்பட்டோருக்குக் குடிசை அமைத்தார். கஞ்சி காய்ச்சினார், புண்ணைக் கழுவினார், மலசலம் அகற்றினார், இறந்தோரைத் தோளில் சுமந்து சென்று புதைத்தார். இவர் கத்தோலிக்கர், இவர் புத்தர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பிராமண குலத்துப் பிள்ளை தீண்டத்தகாதது என்று உலகம் ஒதுக்கிய வேலைகளையெல்லாம் தம் கையால் செய்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேடையில் நின்று சாதியைக் கண்டித்துப் பேசுவது எளிது. சேமக்காலையிலும் சுருவம் தூக்குவதிலும் ஆள் பார்த்து நடக்கும் வழக்கம் நம்மிடையே சிறிதேனும் எஞ்சியிருக்குமானால், அடிகளாரின் படத்துக்கு மாலை போட நமக்குத் தகுதி இல்லை என்றே சொல்ல வேண்டும்.

மக்களிடம் ஒப்படைத்த திருச்சபை

அடிகளார் ஒருவராகவே தீவெங்கும் கால்நடையாகச் சுற்றி வந்த ஆண்டுகள் பல. ஓர் ஊருக்கு அவர் மறுபடி வர நெடுங்காலம் ஆகும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர், அண்ணாவியார், உபதேசியார் என்று பொறுப்பாளரை நியமித்தார். செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, நோயாளரைச் சந்திப்பது, இறந்தோரை அடக்கம்செய்வது யாவும் அவர்கள் பொறுப்பு. பொதுநிலையினரின் பங்கு என்று நாம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பேசத் தொடங்கியதை அவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார்.

1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குருவானவர் அடிகளாரின் பணிக்கு எழுத்தாலே உரமூட்டினார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் பல நூல்களை இயற்றினார். தவக்காலத்தில் நம் ஊர்களில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. அதே காலத்தில் அடிகளாரை ஆயராக உயர்த்த உரோமையின் தூதுவர் விரும்பினார். அடிகளார் பணிவோடு மறுத்துவிட்டார்.

1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தமது 59ஆவது வயதில், கண்டியிலே அவர் இறைவனடி சேர்ந்தார். கோவாவுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவருடைய கல்லறை இன்ன இடம் என்று இன்று காட்ட முடியாதபடி மறைந்துபோயிற்று. ஆனால் அவர் தொடங்கிய பணி மறையவில்லை. அவருக்குப்பின் கோவாவிலிருந்து ஒரற்றோரியன் குருமார் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது. 1806இல் ஆங்கில அரசு தடைகளை நீக்கியபோது, ஒளிந்திருந்த திருச்சபை உயிரோடு வெளியே வந்தது.

1995 சனவரி 21ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 சனவரி 14ஆம் நாள் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே பாப்பரசர் வடக்கே மடு மாதாவின் திருத்தலத்துக்கு வந்து, போரினால் நொந்த மக்களோடு செபித்தார். தமிழும் சிங்களமும் கற்று இரு இனத்தவருக்கும் ஒரே தந்தையாக விளங்கிய புனிதரின் நாளை அதைவிடப் பொருத்தமாக நிறைவுசெய்ய முடியாது.

நமது யூபிலிக்கு ஒரு பாடம்

பங்கு மக்களே, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அந்த முப்பது ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தவை கல்லும் சுண்ணாம்பும் அல்ல. அடுப்படியில் தாய் சொல்லிக்கொடுத்த பரலோக மந்திரமும், முற்றத்தில் பாட்டி உருட்டிய செபமாலையுமே காத்தன. அவை இல்லாதிருந்தால், அடிகளார் கழுத்தில் செபமாலையோடு வந்து வாசலில் நின்றபோது அதை அடையாளம் கண்டுகொள்ள ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

இன்று நமக்குத் தடை விதிப்பார் இல்லை. ஆனால் குடும்பச் செபம் நின்றுபோன வீடுகள் எத்தனை? ஞானோபதேச வகுப்பு நேரத்தில் வேறு வகுப்புக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் எத்தனை? நோயிலும் முதுமையிலும் தனித்துக் கிடக்கும் அயலவரின் வாசலை நாம் மிதித்து எத்தனை நாளாயிற்று? இம்மலரை மூடிவைத்தபின், இன்றிரவே வீட்டார் எல்லோரும் ஒன்றாக முழந்தாளிட்டு ஒரு செபமாலை சொல்லுங்கள். நாளை, கைவிடப்பட்ட ஒருவருக்கு ஒரு குவளை கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். அதுவே புனித யோசப் வாஸ் அடிகளார் நம்மிடம் ஏற்கும் யூபிலிக் காணிக்கை.

அவருடைய மன்றாட்டு நம் பங்கையும் நம் குடும்பங்களையும் காப்பதாக!