நரம்பின் கணக்கறிந்த துறவி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பாதையில், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவு இருக்கிறது. பேருந்தில் பலமுறை கடந்திருப்பீர்கள். அங்கே 1892 மார்ச் 27இல் பிறந்த மயில்வாகனனே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆனார். தமிழ்ப் பேராசிரியராக அவரை எல்லோரும் அறிவோம். அவர் விஞ்ஞான ஆசிரியராகவும் இருந்தவர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம்.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமாவும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றார். ஒரே ஆண்டில் இரண்டும்! அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி அவரை விஞ்ஞானம் கற்பிக்க அழைத்துக்கொண்டது. 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவியானார்.

துறவு பூண்டவர் பௌதிகத்தைத் துறந்துவிடவில்லை. பழந்தமிழரின் யாழ் எப்போதோ வழக்கொழிந்து போயிற்று. சிலப்பதிகாரம் போன்ற பழைய நூல்களும் உரைகளுமே எஞ்சியிருந்தன. எழுத்தில் மட்டும் இருக்கும் இசையை மீண்டும் கேட்பது எப்படி?

இங்கேதான் இயற்கை விதி கைகொடுத்தது. வீட்டில் ஒரு கம்பியை இறுகக் கட்டி மீட்டிப் பாருங்கள். சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு தாயி மேலே ஒலிக்கும். செக்கனுக்கு இருமடங்கு அதிர்கிறது. மூன்றில் இரண்டு பங்கில் பஞ்சமம், நான்கில் மூன்று பங்கில் மத்திமம். இழுவையை நான்கு மடங்காக்கினாலும் அதிர்வு இருமடங்குதான் ஆகும். 1636இல் இவ்விதிகளை நூலாக்கியவர் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி, நம் திருச்சபைக் குருவானவர்.

யாழின் மரம் உளுத்துப் போகலாம். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதம் இளங்கோ காலத்திலும் இன்றும் ஒன்றே. அந்த விகிதங்களைக் கொண்டு பாலைகளையும் அலகுகளையும் கணக்கிட்டார் விபுலாநந்தர். பல ஆண்டு உழைப்பு அது. யாழ் நூலைத் திறப்பவர்கள் செய்யுளுக்கு அருகே பின்னக் கணக்குகளைக் கண்டு திகைப்பதுண்டு. தமிழ் படித்தவர்கள் கணக்கைக் கண்டும், கணக்குப் படித்தவர்கள் செய்யுளைக் கண்டும் ஒதுங்கியதாலேயே நூலுக்கு வாசகர் குறைந்தனர் என்பது என் எண்ணம்.

இடையில் மற்றொரு வேலையும் செய்தார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கச் சொற்கள் வேண்டுமே! சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொல்லாக்க முயற்சியில் இரசாயனப் பகுதியை ஏற்று நடத்தினார். 1936இல் பச்சையப்பன் கல்லூரியில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கும் அவரே தலைவர். உங்கள் பிள்ளைகள் இன்று விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதித் தேறுகிறார்களே, அதற்கு வழி வெட்டியவர்களுள் இவரும் ஒருவர்.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அவர் கணக்கிட்டுச் செய்வித்த யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. உடல் தளர்ந்திருந்தும் நேரில் இருந்து கேட்டார். ஜூலை 19இல் காலமானார். கல்லடி உப்போடையில், தாம் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டார்.