மறுத்தவரே விசாரிக்கலாமா?

பொங்கலுக்கு நைனார்பாளையம் சென்றிருந்தபோது, உறவுமுறையில் எனக்குச் சின்னம்மாவான ஒரு மூதாட்டி ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பதினோரு ஆண்டுகளாக அவர் பெற்றுவந்த முதியோர் உதவித்தொகை நின்று நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மனு கொடுத்திருந்தார், மனுவுக்கு எண் இருந்தது, பதிலும் வந்திருந்தது. தகுதியில்லை என்ற ஒரே வரி. ஏன் தகுதியில்லை, அம்முடிவு தவறென்றால் யாரிடம் போவது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தொகையை நிறுத்தப் பரிந்துரைத்தவரிடமே அந்த மனுவும் விசாரணைக்குப் போயிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமன்று, எங்கும் நடப்பதுதான்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவன் நான். சமூகப் பாதுகாப்பு என்ற பாடம் வரும்போதெல்லாம் வில்லியம் பெவரிட்ஜின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, 1942ஆம் ஆண்டு அறிக்கையையும் அதில் அவர் வறுமை, நோய், அறியாமை, சுகாதாரக்கேடு, வேலையின்மை என்று அடையாளம் காட்டிய ஐந்து பூதங்களையும் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். தேர்வுக்கு அது போதும். ஆனால், அந்த அறிக்கைக்கு முப்பது ஆண்டுகள் முன்பே அவர் செய்த ஒரு காரியத்தை வகுப்பில் நான் சொன்னதே இல்லை. சின்னம்மாவின் சீட்டு அதை நினைவூட்டியது.

பெவரிட்ஜ் பிறந்தது இந்திய மண்ணில். அன்றைய வங்காளத்தின் ரங்பூரில், 1879 மார்ச் 5 அன்று பிறந்தார். தந்தை ஹென்றி பெவரிட்ஜ் இந்தியக் குடிமைப் பணியில் மாவட்ட நீதிபதி. அக்பர் நாமாவை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தாய் ஆனெட் அக்ராய்டு கல்கத்தாவில் பெண்களுக்கான பள்ளியை நடத்தியவர். பின்னாளில் பாபர் நாமாவை மொழிபெயர்த்தவர். வீட்டில் இப்படி இரண்டு பேரறிஞர்கள். மகனோ இளம் வயதிலேயே இங்கிலாந்துக்குச் சென்று, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் செவ்வியல் மொழிகளும் பயின்றார். சட்டத்துறைக்குப் போவார் என்று குடும்பம் எதிர்பார்த்திருக்க, 1903இல் கிழக்கு லண்டனின் ஏழை மக்கள் வாழும் பகுதியில் இருந்த டாயின்பி ஹால் என்ற சேவை இல்லத்தில் துணைப் பொறுப்பாளராகச் சேர்ந்தார்.

வேலையின்மை என்பது சோம்பேறித்தனத்தின் விளைவு என்று பலர் நம்பிய காலம் அது. துறைமுக வாசலில் தினக்கூலிக்காகக் காத்து நின்றவர்களைப் பார்த்த பெவரிட்ஜுக்கு அந்த நம்பிக்கை உடைந்தது. தொழிற்சந்தை ஒழுங்கற்று இயங்குவதே முதன்மைக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். 1907இல் ஜெர்மனிக்குச் சென்று அங்கிருந்த வேலைவாய்ப்பு அலுவலகங்களையும் காப்பீட்டு முறையையும் நேரில் பார்த்தார். 1908இல் வணிகத் துறையின் அமைச்சராக இருந்த இளம் வின்ஸ்டன் சர்ச்சில் அவரை அரசுப் பணிக்கு அழைத்துக்கொண்டார். 1910 பிப்ரவரியில் பிரிட்டன் முழுவதும் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. அவற்றின் இயக்குநர் பெவரிட்ஜ்.

அவரைக் குறையற்றவராகக் காட்ட வேண்டியதில்லை. வேலைக்குத் தகுதியே அற்றவர்கள் என்று கருதப்படுவோரை அரசு பராமரிக்கலாம், ஆனால் அவர்கள் வாக்குரிமை உள்ளிட்ட குடியுரிமைகளை இழக்க வேண்டும் என்று 1906இல் எழுதியவரும் இவர்தாம். இன்று படித்தால் கூசும் கருத்து. ஏழைகளின்பால் பரிவு கொண்ட நிர்வாகிகளிடமும் தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்ற பிரிப்பு எவ்வளவு ஆழமாக ஊறிக்கிடந்தது என்பதற்கு அது சான்று.

இந்தப் பின்னணியில்தான் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் இரண்டாம் பகுதி வேலையின்மைக் காப்பீடு. மூத்த அதிகாரி ஹ்யூபர்ட் லெவலின் ஸ்மித்தும் பெவரிட்ஜும் அதை வடிவமைத்தார்கள். கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் போன்ற சில தொழில்களில் இருந்த சுமார் 22 லட்சம் தொழிலாளர்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. தொழிலாளியும் முதலாளியும் வாரம் இரண்டரை பென்னி வீதம் செலுத்த, அரசு தன் பங்கைச் சேர்த்தது. வேலை போனால் வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரங்கள். தொகை சிறிதுதான்.

தீய நடத்தையால் வேலையிழந்தவருக்கும் தகுந்த காரணமின்றித் தாமே வேலையை விட்டவருக்கும் ஆறு வாரங்கள் தொகை கிடையாது என்றது சட்டம். குடித்துவிட்டு வேலையை இழந்தவனும் சந்தா கட்டியவன்தானே, ஒழுக்கத்தையும் கணக்கையும் ஏன் கலக்க வேண்டும் என்று கேட்டவர் சர்ச்சில் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அவர் கருத்து ஏற்கப்படவில்லை. ஆகவே, ஒருவர் வேலையை விட்டதற்குத் தகுந்த காரணம் இருந்ததா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். யார்?

அதற்குச் சட்டம் மூன்று படிகளை வைத்தது. முதலில் காப்பீட்டு அலுவலர் முடிவெடுப்பார். மறுக்கப்பட்டவர் கேட்டால், வழக்கு நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். அதில் மூவர்: ஒருவர் முதலாளிகளின் பட்டியலிலிருந்து, ஒருவர் தொழிலாளர்களின் பட்டியலிலிருந்து, மூன்றாமவர் இரு தரப்பையும் சாராத தலைவர். மன்றத்தின் பரிந்துரையை அலுவலர் ஏற்கவில்லை என்றால், அவர் அதைக் கிடப்பில் போட முடியாது. நாடு முழுவதற்கும் ஒருவராக நியமிக்கப்பட்ட அம்பயர் எனும் தலைமை நடுவருக்கு அனுப்பியாக வேண்டும். அவர் தீர்ப்பே முடிவு. கிரிக்கெட் ஆட்டத்தின் சொல்லை ஒரு நலச் சட்டத்தில் ஆங்கிலேயர்கள் வைத்ததில் எனக்கு என்றும் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால், ஆடுபவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை இதைவிட எளிதாக விளக்கவும் முடியாது. அம்பயரின் தீர்ப்புகள் எண்ணிடப்பட்டு அச்சிடப்பட்டன. ஓர் ஊரில் ஒரு கொல்லனுக்குக் கிடைத்த நியாயத்தை இன்னோர் ஊர்க் கொல்லன் எடுத்துக்காட்டிக் கேட்க முடிந்தது.

1931இல் பொருளாதார மந்தத்தின் நெருக்கடியில் இந்த ஏற்பாடு ஒரு பக்கம் சரிந்தது. காப்பீட்டுக் காலம் முடிந்தவர்கள் உள்ளூர்ப் பொது உதவிக் குழுக்களிடம் அனுப்பப்பட்டார்கள். குழுவின் ஆட்கள் வீடு தேடி வந்து, மகன் என்ன சம்பாதிக்கிறான், மகள் என்ன கொண்டுவருகிறாள் என்று கணக்கெடுத்து, அந்த அளவுக்குத் தகப்பனின் தொகையைக் குறைத்தார்கள். தொகை குறையாதிருக்கப் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறிய கதைகள் அக்காலத்தில் ஏராளம். வருவாய்ச் சோதனை என்ற சொல்லையே ஒரு தலைமுறை வெறுத்தது. 1919 முதல் 1937 வரை லண்டன் பொருளாதாரப் பள்ளியின் இயக்குநராக இருந்த பெவரிட்ஜ், 1934இல் வேலையின்மைக் காப்பீட்டுக்கான சட்டப்படியான குழுவின் தலைவராகவும் ஆகி, இந்தக் கசப்பை அருகிலிருந்து பார்த்தார்.

1941இல் சமூகக் காப்பீட்டை ஆராயும் குழுவின் தலைமை அவருக்குத் தரப்பட்டபோது, தம்மை ஓரங்கட்டுகிறார்கள் என்று கருதி அவர் கண்கலங்கினார் என்பார்கள். போர்க்காலத்தில் பெரிய பொறுப்பை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலை. 1942 டிசம்பர் 1 அன்று வெளியான அறிக்கையை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். முழு அறிக்கையும் சுருக்கப் பதிப்பும் சேர்ந்து ஆறு லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. அனைவருக்கும் ஒரே சந்தா, ஒரே தொகை, வருவாய்ச் சோதனை இல்லை என்பது அதன் அடித்தளம். 1944 இடைத்தேர்தலில் லிபரல் கட்சி சார்பில் வென்ற அவர், அடுத்த ஆண்டே தோற்றார். திட்டத்தை நிறைவேற்றியது தொழிற்கட்சி அரசு.

1948 ஜூலை 5 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. காப்பீட்டுத் தொகைக்கு அலுவலர், உள்ளூர்த் தீர்ப்பாயம், ஆணையர் என்று பழைய மூன்று படிகள் புதிய பெயர்களில் நீடித்தன. வருவாய் பார்த்துத் தரப்படும் உதவிக்குத் தனித் தீர்ப்பாயம் ஒன்றே. அதற்கு மேல் ஆணையரிடம் செல்ல வழியில்லை. சந்தா கட்டியவனுக்கு முழு நீதி, கட்ட இயலாதவனுக்கு அரை நீதி. காலப்போக்கில் சுருங்கிவிடும் என்று பெவரிட்ஜ் எதிர்பார்த்த அந்த உதவித் திட்டமே பின்னர் பெருகியது. அவருடைய அமைப்பின் பெருங்குறை இது என்பது என் கருத்து.

அதே பிளவு நம்மிடமும் வந்து சேர்ந்தது. பேராசிரியர் பி. பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழியே பிறந்தது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். இ.எஸ்.ஐ. பயன் மறுக்கப்படும் ஆலைத் தொழிலாளி தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டப் பிரச்னை இருப்பின் உயர்நீதிமன்றத்துக்கும் போகலாம். கரும்பு வெட்டியும் களை பறித்தும் முதுமை எய்திய பெண்ணுக்கு அப்படியொரு மன்றம் இல்லை.

தமிழகத்தில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 ஏப்ரல் 1 அன்று, காமராஜர் முதல்வராக இருந்தபோது தொடங்கியது. பெவரிட்ஜ் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானது அதற்கு அடுத்த ஆண்டு, 1963 மார்ச் 16 அன்று. இன்று அத்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு, மத்தியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 80 வயது வரை வெறும் 200 ரூபாய். தொகையின் அளவைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுகிறோம். மறுப்பைப் பற்றிப் பேசுவதில்லை.

பேசினால் பயன் உண்டு என்பதற்கு அண்மைச் சான்று இருக்கிறது. 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குச் சுமார் 1.63 கோடிப் பெண்கள் விண்ணப்பித்தார்கள், 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். மறுக்கப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் சொல்லப்பட்டது. 30 நாள்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 11.85 லட்சம் பேர் முறையிட, அவர்களில் 7.35 லட்சம் பேருக்குத் தொகை வழங்கப்பட்டது. முறையிட்ட பத்துப் பேரில் ஆறு பேருக்கு முதல் முடிவு மாறியிருக்கிறது. கோட்டாட்சியரும் அரசு அலுவலர்தாம். மூவர் மன்றம் அன்று. ஆயினும் மறுத்த மேசைக்கும் விசாரித்த மேசைக்கும் இடையே ஒரு தொலைவு இருந்தது.

சின்னம்மாவுக்கு இரண்டாவது மனு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தொகையை நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், முன்பு விசாரித்தவரல்லாத வேறோர் அலுவலர் விசாரிக்க வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகள். மகன் வெளியூரில் வேலை செய்வதால் நிறுத்தியிருப்பார்களோ என்பது அவருடைய ஊகம். அந்த மகன் வீட்டுக்குப் பணம் அனுப்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பதையும் மனுவில் சேர்க்கச் சொன்னார். பிறகு, மகனுக்கு அவமானம் என்று அடித்துவிடச் சொன்னார். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வந்திருக்கிறார்.