தலையில் துண்டு போட வேண்டிய நேரத்தில் வடநாட்டுக்குப் போன வாசன்!

30 லட்ச ரூபாய் செலவில் ஒரு தமிழ்ப் படமா? 1948-ல் பட்டணமே வாயைப் பிளந்தது. படம், சந்திரலேகா. எடுத்தவர், ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன்.

வாசனுக்குச் சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி. சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாயாருடன் சென்னைக்கு வந்தவர். விளம்பரத் தொழிலில் கால் ஊன்றினார். 1928-ல் ஆனந்த விகடனை வாங்கினார். அப்புறம்தான் சினிமா.

சந்திரலேகா முடிய 5 வருஷம் ஆயிற்று. பாதியில் டைரக்டர் ராகவாச்சாரி விலகிக்கொண்டார். வாசனே டைரக்டர் ஆனார். சொத்துகள் அடகுக்குப் போயின. நகைகளும் விலை போயின.

டி.ஆர்.ராஜகுமாரி, எம்.கே.ராதா, ரஞ்சன் என்று நட்சத்திரங்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இன்றைக்கும் ஜனங்கள் பேசுவது அந்த முரசு நடனத்தைத்தான். சுமார் 400 பேர், மாதக்கணக்கில் ஒத்திகை. அடேயப்பா!

ஏப்ரலில் தமிழ்ப் படம் வந்தது. கூட்டம் அலைமோதியும் போட்ட முதல் திரும்பவில்லை. வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார். வாசனோ அதையே இந்தியிலும் தயாரித்து, டிசம்பரில் வடநாட்டில் இறக்கினார். ஊர் ஊராக விளம்பரம் அமர்க்களப்பட்டது. பணம் கொட்டியது. அதன்பிறகு மற்ற சென்னை முதலாளிகளும் இந்திப் படம் எடுக்கக் கிளம்பினார்கள்.

1969 ஆகஸ்டு 26-ந் தேதி வாசன் காலமானார். பிறகு ஸ்டூடியோவும் போய்விட்டது. அங்கே 1973-ல் கட்டிய அண்ணா மேம்பாலத்தை ஜனங்கள் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறார்கள்.