புள்ளி விழுந்த சோளமுத்து

மக்காச்சோளக் கதிரில் புள்ளி விழுந்த முத்து இருந்தால் நாம் சொத்தை என்று கிள்ளி எறிவோம். அந்தப் புள்ளி ஏன் விழுந்தது என்று 1944-இல் ஆரம்பித்து வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தவர் பார்பரா மெக்ளின்டாக்.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1902 ஜூன் 16-இல் பிறந்தார். பொண்ணு காலேஜ் போனால் கல்யாணம் ஆகாது என்று அம்மா தடுத்தார். (எங்க வீட்டிலும் அக்காவுக்கு இதே பேச்சுதான். அவளை நிறுத்திவிட்டுத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள்.) பார்பராவுக்கு அப்பா துணை நின்றார். 1919-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1927-இல் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1941-இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர், கடைசிவரை அங்கேதான்.

அந்தக் காலத்தில் ஜீன்கள் கயிற்றில் கோத்த மணி மாதிரி, இடம் மாறாது என்று நினைத்திருந்தார்கள். இவரோ சில துண்டுகள் இடம்விட்டு இடம் தாவும் என்று கண்டார். நிறம் தரும் ஜீனுக்குள் அப்படி ஒரு துண்டு போய் உட்கார்ந்தால், ஸ்விட்ச் ஆஃப் பண்ணின மாதிரி முத்து நிறமிழந்துவிடும். முத்து வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு எழுந்து போனால், அந்த இடத்தில் மட்டும் நிறம் திரும்பும். அதுதான் புள்ளி! சீக்கிரமே எழுந்து போனால் பெரிய புள்ளி, லேட்டானால் சின்னப் புள்ளி.

1951-இல் பெரிய விஞ்ஞானிகள் கூட்டத்தில் இதை விளக்கினார். யாரும் பெரிதாக ஏற்கவில்லை. 1953-க்குப் பிறகு முக்கியப் பத்திரிகைகளுக்கு இதுபற்றி எழுதுவதையே விட்டுவிட்டார். சோளம் விதைப்பதை மட்டும் விடவில்லை. 1960-களின் கடைசியில் பாக்டீரியாவிலும் தாவும் துண்டுகள் தெரிய வந்த பிறகுதான் இவர் பக்கம் திரும்பினார்கள். 1983-இல் நோபல் பரிசு, பங்கு போடாமல் இவர் ஒருவருக்கே. வீட்டில் போன் இல்லாததால் செய்தியை ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாராம்!

எனக்குப் பிடித்தது அந்தப் பரிசு விழா உரைதான். பழைய பெருமை பேசாமல், அதிர்ச்சி வந்தால் செடி என்ன செய்யும் என்பதை எடுத்துக்கொண்டார். வெயிலோ வைரஸோ வந்தால் செடி எழுந்து ஓட முடியாதே! குரோமோசோம் உடைந்தால்கூட செல் அதை உணர்கிறது. தூங்கும் துண்டுகள் விழித்துக்கொண்டு ஜீன்களை மாற்றியமைக்கக்கூடும் என்றார்.

1992 செப்டம்பர் 2-இல் காலமானார். 2009-இல் மக்காச்சோள ஜீனோமைப் படித்தபோது சுமார் 85 சதவீதம் இந்த மாதிரித் துண்டுகளே என்று தெரிந்தது. அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் சூடு பட்டால் விழிக்கும் ஒரு துண்டுக்கு ஒன்சென் என்று பெயர். ஜப்பான் மொழியில் வெந்நீர் ஊற்று. அது போய் விழுந்த இடத்துக்குப் பக்கத்து ஜீன்களும் சூட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்ததை 2011-இல் வெளியிட்டார்கள்.

அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பரிசு வாங்கும்போது அந்தம்மாவுக்கு என்ன வயசுடா என்று கேட்டாள். 81 என்றேன்.